மாடம்பாக்கம் குரங்குகளுக்கு எவ்வளவு மார்க்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் ஆட்டோவை விடக் கூடாது என்பது சென்னையில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரிலேயே ஆட்டோ ஓட்டும் சேகர் அண்ணாவுக்குத்தான் இன்னும் புரியவில்லை. "ஷார்ட் கட் மேடம்" என்று சொல்லி உள்ளே திருப்பினார். ஒரு பக்கம் பழைய சைக்கிள் செயின்கள், இன்னொரு பக்கம் கூண்டு நிறையக் கோழிக்குஞ்சுகள், நடுவில் நாங்கள். முன்னால் போக வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. மனிதர் பதறவே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு மிக்சி மூடி வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"இன்னா வேலையா வந்துகீறீங்க மேடம்?"

"குரங்கு பார்க்க" என்றேன்.

மிக்சி மூடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்க ஊர்ல குரங்கு இல்லியா?"

இல்லாமல் என்ன? பினாங்கில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வரும். துணி காயப் போட்டால் இழுக்கும், கையில் நாசி லெமாக் சாதப் பொட்டலம் இருந்தால் பிடுங்கிக்கொண்டு கூரை ஏறும். அதைச் சொன்னேன். "அப்பறம் இன்னாத்துக்கு மேடம் ஃப்ளைட்டு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குள் முன்னால் நின்ற மீன்பாடி வண்டி நகர்ந்தது, நான் தப்பித்தேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். தாயை இழந்த குரங்குக் குட்டிகள் என்ன ஆகின்றன, சின்ன வயதில் பட்ட கஷ்டம் வளர்ந்த பிறகு அவற்றின் நடத்தையில் எப்படித் தெரிகிறது, கூட்டத்தில் யாராவது தாங்கிப் பிடித்தால் அந்தக் கஷ்டம் குறைகிறதா என்றெல்லாம் பார்க்கும் ஒரு குழுவில் நான் வேலை செய்கிறேன். என்னை ஆராய்ச்சியாளர் என்று யாராவது சொன்னால் எங்கள் பேராசிரியருக்குச் சிரிப்பு வரும். குரங்கு போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதும், யார் யாருக்குப் பேன் பார்த்தது, யார் யாரை அறைந்தது என்று குறிப்பதும், அது போட்ட எச்சத்தைப் பொறுக்கிக் குப்பியில் அடைப்பதும்தான் என் வேலை. பயந்தும் ஏங்கியும் கிடக்கிற குரங்கின் எச்சத்தில் அந்தப் பதற்றத்தின் அளவு தெரியும். குரங்கைப் பிடிக்க வேண்டாம், ஊசி குத்த வேண்டாம். பொறுக்குகிறவளுக்குத்தான் கஷ்டம்.

மாடம்பாக்கத்தில் ஒரு கூட்டத்தை ஒரு கல்லூரி மாணவி எங்களுக்காகப் பார்த்துவந்தாள். கல்யாணம் நிச்சயமாகிக் காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போனவள் அப்படியே வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். அவள் கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் கூட்டத்தில் ஒரு தாய்க்குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் ஷாக் அடித்துச் செத்தது. குழுவில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தி. "உனக்கு அங்கே எல்லாம் சுலபமாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாணவி நல்ல பெண். குரங்குகளுக்குக் காய்கறிப் பெயர் வைத்திருந்தாள். செத்துப்போன தாய் பூசணி. அதன் ஐந்து மாதக் குட்டி பட்டாணி. பூசணியின் மூத்த மகள், வால் நுனி வளைந்த இளம் பெண்குரங்கு, அவரை. தாய் போன அன்றிலிருந்து தங்கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரிவது இந்த அவரைதான் என்று கடைசியாக அனுப்பிய படங்களில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மறுநாள் காலையில் கோயில் பக்கத்து ஓட்டலில் பொங்கலும் வடகறியும் சாப்பிட்டேன். பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் குரங்குக்குப் பின்னால் ஓடக் கூடாது என்பது இந்தப் பயணத்தில் நான் கற்ற முதல் பாடம். கோயில் மதிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஏழு மணிக்கு மேல் எழுந்து, நான் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கே வந்தது. எங்கள் ஊர்க் குரங்குகளுக்குத் தலைமுடி சிலிர்த்து நிற்கும். இவை நடுவகிடு எடுத்துப் படிய வாரிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினவை மாதிரி இருந்தன. எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறின. மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம்.

செயலாளர் ஜெயராமன் சார் ஒரு தனியார் பள்ளியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்குத்தான், அவருக்கு இல்லை. சாவி கேட்கப் போனவளை உட்காரவைத்து, ஏலக்காய் டீ கொடுத்து, அன்று மாலை சங்கக் கூட்டத்தில் நான் பேசுவதாக அவரே முடிவு செய்துவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், கடலைச் சுண்டல். நான் எளிமையாகச் சொன்னேன். எச்சத்தில் பதற்றத்தை அளக்கலாம் என்றதும் சின்னச் சிரிப்பு. எவ்வளவு இருந்தால் நல்லது என்று ஒருவர் கேட்டார். கம்மியாக இருந்தால் நல்லது என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சேலையூரிலும் ஒரு கூட்டத்தைப் பார்க்கிறோம், இரண்டையும் ஒப்பிடுவோம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜெயராமன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சேலையூருக்கு எவ்ளோ வந்திருக்கு மேடம்?"

"இது மார்க் இல்லை சார்."

"புரியுது. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி எந்த எக்ஸாமினரும் சொல்ல மாட்டாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கை தட்டினார்கள்.

அடுத்த நாள் லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நமது வளாகக் குரங்குகளின் மன அமைதியை முன்னிட்டு, காலை வேளையில் யாரும் மாடியில் மிளகாய் வற்றல் காயவைக்க வேண்டாம், குரங்கைக் கண்டால் கம்பு ஓங்க வேண்டாம், குக்கர் விசிலைக் கூடுமானவரை கட்டுப்படுத்தவும். கீழே செயலாளர் கையெழுத்து. ஏ பிளாக் மாடியில் ஸ்பீக்கர் வைத்து வீணை இசை போட்டார்கள். சத்தம் கேட்டுக் குரங்குகள் மிரண்டு பி பிளாக்குக்குத் தாவின. பி பிளாக்காரர்கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்று வாழை இலையில் தயிர்சாதம் வைத்திருந்தார்கள். அதற்கு நடந்த சண்டையில் முருங்கை என்ற கிழட்டு ஆண் எல்லாரையும் கடித்தது. நான் குறித்துக்கொண்டே இருந்தேன். மனிதர்கள் சாந்தப்படுத்தத் தொடங்கிய பிறகு குரங்குகளுக்குள் அடிதடி கூடிவிட்டது என்று பேராசிரியருக்கு எழுதினேன். மறுபடி சரிபார்க்கச் சொன்னார்.

அதற்கும் அடுத்த நாள் என் அறை வாசலில் பாட்டில்கள். ஊறுகாய் பாட்டில், பூஸ்ட் பாட்டில், ஒரு எவர்சில்வர் சம்படம்கூட. எல்லாவற்றிலும் ஃபிளாட் நம்பர் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு உதவுகிறார்களாம். எந்தக் குரங்குடையது, எப்போது போட்டது, ஒன்றும் தெரியாது. இரண்டு அணிலுடையது. ஒன்று நிச்சயமாக நாய். சம்படத்தில் இருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

லிஃப்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் அம்மா வீட்டில் தெலுங்குதான், அது அவர்களுக்குத் தெரியாது. "இவள்தான் அதை வாங்க வந்தவள்" என்றாள் ஒருத்தி. "எடைக்கு எடுப்பாளா, எண்ணிக்கைக்கா?" என்றாள் மற்றவள். "தெரியலை. ஆனால் கடல் கடந்து வந்திருக்கிறாள் என்றால் ஏதோ மருந்துக்குத்தான் இருக்கும். நாமும் கொஞ்சம் எடுத்துவைப்போம்." மூன்றாவது மாடி வந்ததும் என்னைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

நானே பொறுக்கிய நல்ல குப்பிகளைப் பள்ளிக்கரணைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் குளிர்பதன அறையில் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். மேடவாக்கம் தாண்டியதும் பேருந்து ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. நடத்துநர் எங்களை இறக்கிவிட்டு, அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி டீக்கடைக்குப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. சதுப்பு நிலத்தில் நாரைகள் நிழலே இல்லாத இடத்தில் ஒற்றைக் காலில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தன. என் பெட்டியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சாலையோரத்தில் கோவளத்திலிருந்து வந்த ஒரு அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஐஸ் கேட்டேன். தாராளமாக ஒரு கை அள்ளினார். "இன்னா மீனு வச்சிகீற?"

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

அள்ளிய கை அப்படியே நின்றது. முதலில் தன் வஞ்சிரத்தை ஒரு ஓரமாக நகர்த்தினார். பிறகு கையை நீட்டி, உடம்பை முடிந்தவரை பின்னால் சாய்த்து, ஐஸை என் பெட்டிக்குள் போட்டார். "எட்த்துனு போ. நான் குட்த்தேன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத, யாவாரம் பேஜாராய்டும்." இன்று வரை சொன்னதில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பட்டாணியைக் காணவில்லை. கூட்டத்தில் எல்லாக் காய்கறியும் இருந்தது, பட்டாணி மட்டும் இல்லை. அக்கா அவரை சாப்பிடுவதும் இல்லை. தயிர்சாதத்துக்கும் வரவில்லை, வாழைப்பழத்துக்கும் வரவில்லை. நாள் முழுக்க சி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு பால்கனிக்கு வெளியே, சன்ஷேடில் உட்கார்ந்து, புறாவுக்காகக் கட்டியது என்று நான் நினைத்த வலையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அதன் இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

ஜெயராமன் சாரும் அதைக் கவனித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வளைஞ்ச வால் ஒண்ணு மட்டும் நம்ம ஆவரேஜைக் கெடுக்குது, இல்ல மேடம்?"

"சார், அதன் தங்கச்சிக் குட்டி தொலைந்துவிட்டது. அதனால்தான் அப்படி இருக்கிறது."

"அதான் மேடம் நானும் சொல்றேன். வீட்ல பிரச்சினைன்னா படிப்பு ஏறாது." பெருமூச்சு விட்டார். "எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் சென்டம் ரிசல்ட். எப்படின்னு நினைக்கிறீங்க? வீக் ஸ்டூடண்ட்டைப் பரிட்சைக்கே அனுப்ப மாட்டோம். ஒன்பதாவதுலயே டி.சி. குடுத்துடுவோம். குரங்கு பிடிக்கிற ஆள் ஒருத்தர் கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை கூண்டோட வர்றார். அதைக் கொண்டுபோய் எங்கயாவது காட்டுல விட்டுடுவார்."

சட்டம் பேசினேன், வனத்துறை அனுமதி வேண்டும் என்றேன். பேசிக்கொள்ளலாம் என்றார். என் ஆராய்ச்சி பாழாகும் என்றேன். என் நேர்மையைப் பாராட்டினார். சேலையூரிலும் இதைத்தான் செய்திருப்பார்கள், நமக்குத்தான் தெரியவில்லை என்றார். கூட்டத்தைவிட்டுப் பிரித்துத் தெரியாத காட்டில் தனியாக விட்டால் ஒரு இளம் பெண்குரங்கு பிழைப்பது கடினம். எனக்குத் தெரியும். அதையும் குரலை உயர்த்தி அவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை.

அன்று மதியமே அந்த மூன்றாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். ரேவதி என்ற பெண் பாதிக் கதவைத் திறந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவனுக்கு சாப்ட்வேர் கம்பெனியில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். வீட்டில் குழந்தை கிடையாது என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆனால் உள்ளே இருந்து குழந்தைப் பவுடர் வாசனை வந்தது. கொடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கவுன் காய்ந்தது.

நான் கவுனைப் பார்த்தேன். அவள் நான் கவுனைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். இந்த ஊரில் அப்படிக் கேட்டால் உள்ளே வா என்று அர்த்தம். எங்கள் ஊரில் 'பசியாறியாச்சா' என்று கேட்பதும் இதுவேதான். போய் உட்கார்ந்தேன். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அப்பளம், சேப்பங்கிழங்கு வறுவல். இரண்டாவது தரம் சாதம் போடும்போது படுக்கையறைக் கதவு இடுக்கு வழியாகப் பட்டாணி வந்தது. நீலக் கவுன் போட்டிருந்தது. ஒரு டர்க்கி டவலை இழுத்துக்கொண்டு நேராக ரேவதியிடம் போய், அவள் நைட்டியைப் பிடித்து ஏறி, இடுப்பில் ஒட்டிக்கொண்டது. என் அப்பளத்தைப் பார்த்து உதட்டைக் குவித்தது.

ரேவதி அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சில நாளில் பால்கனி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இது தனியாக நடுங்கிக்கொண்டு கிடந்ததாம். அதற்குப் பிறகு பால்கனிக்கு வலை கட்டினாளாம். செரலாக் சாப்பிடுகிறதாம், டவல் இல்லாமல் தூங்காதாம், அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுமாம். "குட்டிம்மான்னு கூப்பிட்டா திரும்புதுங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். அது திரும்பவில்லை, அப்பளத்தையே பார்த்தது.

"ரேவதி, வலைக்கு வெளியே ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது இதன் அக்கா."

"அது கடிக்க வருதுங்க."

"உங்களைத்தான் கடிக்க வருகிறது. இதைக் கூட்டிக்கொண்டு போக வருகிறது."

அவள் முகம் இறுகிவிட்டது. நான் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். குரங்காக வளராத குரங்குக்கு யாரிடம் பணிவது, யாரிடம் ஒட்டுவது என்று தெரியாமல் போகும், இரண்டு மூன்று வயதில் இது கடிக்க ஆரம்பிக்கும், அப்போது வெளியே விட்டால் எந்தக் கூட்டமும் சேர்க்காது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூண்டு வருகிறது, அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் இதற்கு வெளியே யாருமே இல்லை என்றேன். அவள் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அம்மா இல்லாததுங்க" என்றாள். "எங்கிட்ட இருந்தா என்ன குறைச்சல்?" செயலாளரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். சொன்னால் அவர் இரண்டுக்கும் சேர்த்து டி.சி. கொடுப்பார் என்று எனக்கே தெரியும். சொல்லவில்லை. களத்தில் நடப்பதில் தலையிடக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அந்த விதியை இங்கே தயிர்சாதத்தோடு பிசைந்து தின்றாயிற்று, ஆனாலும் ஒருத்தி இடுப்பிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. குரங்கு பிடிக்கிறவர் வேனில் கூண்டோடு வந்தார். சி பிளாக் மாடியில் கூண்டை வைத்து உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கவிட்டார். ஜெயராமன் சார் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் மாடியில். வீணையை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. அவரை சன்ஷேடிலிருந்து தலையைத் தூக்கிப் பழத்தைப் பார்த்தது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த குரங்கு. ஒரு மாடி ஏறியது. நின்று கீழே வலையைப் பார்த்தது. மறுபடி பழத்தைப் பார்த்தது.

நான் படிக்கட்டில் ஓடினேன். ரேவதி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

அவள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பட்டாணி, மஞ்சள் கவுனில். கையில் சமையலறைக் கத்தரிக்கோல். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"என்னை ரெண்டாங்கிளாஸ்லயே ஹாஸ்டல்ல போட்டாங்கங்க. அம்மா தவறின வருஷம். ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாப் பிள்ளைங்களும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். யாராவது பார்க்க வருவாங்க. சிஸ்டர் ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க. என் பேரைக் கூப்பிட்டதே இல்ல. நேத்தெல்லாம் அதை யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்." கத்தரிக்கோலை வலையில் வைத்தாள். "இதுக்கு ஆள் வந்திருக்கு. நான்தான் கேட்டை மூடி வச்சிருக்கேன்."

வலையை வெட்டினாள். நைலான் சுலபத்தில் அறுபடவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். மேலே இருந்த அவரை சத்தம் கேட்டுச் சரேலென்று சன்ஷேடுக்கு இறங்கியது. பல்லைக் காட்டியது.

இனிமேல்தான் கஷ்டமே. பட்டாணி நைட்டியை விடவில்லை. ரேவதி ஒரு கையைப் பிரித்தால் மறு கை பிடித்தது, அதைப் பிரித்தால் கால் பிடித்தது. அவள் அழுதுகொண்டே பிரித்தாள். கடைசியில் குட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, உள்ளே ஓடி, சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பட்டாணி அலறிய அலறல் மாடம்பாக்கம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் படுக்கையறை வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

வலையின் ஓட்டை வழியாக முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. அவரை குட்டியை முகர்ந்தது. பவுடர் வாசனைக்குத் தும்மியது. கவுனைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, வரவில்லை. அதோடு விட்டுவிட்டுக் குட்டியை அப்படியே வாரி வயிற்றில் அணைத்தது. அலறல் பாதியில் நின்றது. சன்ஷேடிலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து பக்கத்து வீட்டு ஓட்டுக்கு, அங்கிருந்து கோயில் மதிலுக்கு. குட்டியின் அலறலில் மிரண்டிருந்த மொத்தக் கூட்டமும் பின்னாலேயே தாவிப் போனது. மதிலுக்கு மேல் மஞ்சள் கவுன் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மாடியிலிருந்து ஜெயராமன் சார் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "மேடம், மொத்த செட்டும் போயிடுச்சே. இதை ஆப்சென்ட்னு போட்டுடுவாங்களா?"

"இல்லை சார். எல்லாரும் பாஸ்" என்றேன். மேலே கை தட்டினார்கள். சேலையூருக்கு எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்து சமையலறைக் கதவை மெதுவாகத் தட்டினேன்.

"போயிடுச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"போயிடுச்சு."

"திரும்பிப் பாத்துச்சா?"

பார்த்ததாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டாணி அவரையின் வயிற்றில் முகத்தைப் புதைத்தது புதைத்ததுதான், மதில் தாண்டும்வரை எடுக்கவே இல்லை.

"இல்லைங்க" என்றேன். "பார்க்கலை."

தாழ்ப்பாள் விலகியது. ரேவதி முந்தானை இல்லாத நைட்டியின் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹாஸ்டல் கேட்டுக்குள்ள போற வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேங்க" என்றாள். "இது பாக்கலைன்னா பொழைச்சுக்கும்."